கல்லறையில் இருக்கும் ஊர் வரைபடத்தில் இல்லையே!

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதி) டெக்சாஸில் குடியேறியவர். கல்லறையில் பிறந்த ஊர் 'ல்ஹோத்யே' என்றும் ஆண்டு 1861 என்றும் செதுக்கியிருக்கிறது. செக் வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. அது போரில் அழிந்த கிராமம், ஆவணம் எடுத்துத்தர 600 டாலர் ஆகும் என்கிறார் ஒரு முகவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஊர் அழியவில்லை, வேற்றுமை உருபுக்குள் ஒளிந்திருக்கிறது. 'பழனியில் பிறந்தார்' என்ற கல்லைப் படித்துவிட்டு, 'பழனியில்' என்ற ஊரை வரைபடத்தில் தேடினால் கிடைக்குமா? ஊரின் பெயர் ல்ஹோத்தா. செக் மொழியில் 'வெ ல்ஹோத்யே' என்றால் ல்ஹோத்தாவில். இது தெரியாமல் அந்த முகவர் இந்தத் தொழில் செய்கிறார் என்றால் வேடிக்கை. தெரிந்தே சொன்னார் என்றால் மோசடி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. செக் நாட்டில் ல்ஹோத்தாக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. இடைக்காலத்தில் காட்டை அழித்துக் குடியேறியவர்களுக்கு, முதல் சில ஆண்டுகள் குத்தகை கொடுக்க வேண்டாம் என்று நிலப்பிரபுக்கள் தவணை தந்தார்கள். அந்தத் தவணைதான் ஊர்ப் பெயராக நின்றுவிட்டது.

எந்த ல்ஹோத்தா என்று கண்டுபிடிக்க, அதே கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துக் கற்களைப் படம் எடுங்கள். அக்காலத்தில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டமாகத்தான் கப்பலேறினார்கள். ஒருவர் கல்லில் லிஹ்னோவ், இன்னொருவர் கல்லில் ஃப்ரென்ஷ்டாட் என்றிருந்தால், அந்த வட்டாரத்து ல்ஹோத்தாவிலிருந்து தொடங்குங்கள். கப்பல் பட்டியலை நம்பாதீர்கள். பெரும்பாலும் அன்றைய பேரரசின் பெயரான 'ஆஸ்திரியா' என்று எழுதி முடித்திருப்பார்கள்.

இனி எல்லோரும் இடறுகிற இடம். ஞானஸ்நானப் பதிவேடுகள் ஊர்வாரியாக இல்லை, பங்குவாரியாக இருக்கின்றன. பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம். சின்ன ல்ஹோத்தாவுக்குப் பெரும்பாலும் சொந்தத் தேவாலயம் இராது. குழந்தையைப் பங்குக் கோயில் இருந்த பெரிய ஊருக்குத் தூக்கிச் செல்வார்கள். பதிவும் அந்த ஊர்ப் பெயரில்தான். ல்ஹோத்தா என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று பொருளல்ல. பங்கு எது என்று பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், பங்கு எது என்று பாருங்கள்.

மொராவியப் பதிவேடுகள் பிர்னோ, ஒப்பாவா ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. இரண்டுமே அவற்றை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. 600 டாலர் எதற்கு என்று இப்போது புரிகிறதா? ஆனால் ஒரே நாட்டுக்குள் காப்பகத்துக்கு ஒரு தளம், தளத்துக்கு ஒரு தேடும் முறை. எத்தனை ஆண்டுகளாகப் புலம்புகிறோம்! இந்தக் குழப்பம்தான் முகவர்களுக்குச் சோறு போடுகிறது. குடும்பச் சின்னம் பொறித்த தட்டு என்று அடுத்து ஒன்றை நீட்டுவார்கள். குடியானவனுக்கு ஏது சின்னம்?

உண்மையிலேயே மறைந்த கிராமங்களும் உண்டு. 1945க்குப் பின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட எல்லைப்புறத்தில் பல ஊர்கள் பாழாயின. அவற்றுக்கும் பதிவேடுகள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன.

பதிவு கிடைத்ததும் பெயருக்கு அருகே வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1770-71இல் படைக்கு ஆள் எடுக்கக் கணக்கெடுத்தபோது தொடங்கிய எண் முறை அது. வீடு கட்டக் கட்ட அடுத்த எண் கொடுத்ததால் 12க்குப் பக்கத்தில் 57 நிற்கும். ஊருக்குப் போனால் தெருவில் எண்ணிக்கொண்டு நடக்காதீர்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.