கொதித்த குழம்பு எப்படிக் கெட்டது?

கேள்வி: கோயிலில் கிடா வெட்டி விருந்து வைத்தோம். அன்று இரவு சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்டாவில் மீந்த கறிக்குழம்பை மறுநாள் மதியம் லேசாகச் சூடாக்கிச் சாப்பிட்ட ஆறு பேருக்கும் நள்ளிரவில் வயிற்றைப் பிடித்து இழுத்தது, தண்ணீராகப் போனது. காய்ச்சல், வாந்தி இல்லை. மறுநாளே சரியாகிவிட்டது. போன மாதம் எங்கள் பட்டியில் மூன்று ஆடுகள் துள்ளுமாரி வந்து செத்தன. அந்த நோய்தான் எங்களுக்கும் வந்ததா? – வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. இரண்டுக்கும் காரணம் ஒரே இனக் கிருமியாக இருக்கலாம், ஆனால் வகை வேறு. ஆட்டிடமிருந்து துள்ளுமாரி உங்களுக்குத் தொற்றவில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மண்ணிலும், ஆடு, மாடு, கோழி, மனிதர் என எல்லோர் குடலிலும் சாதாரணமாக இருக்கும் கிருமி இது. காற்று படாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். நிலைமை சரியில்லை என்றால் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிவிடும். அந்த வித்து குழம்பின் கொதியையும் தாங்கும்.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். இரவு இறக்கி மூடி வைத்த பெரிய அண்டாவில் காலையில் கரண்டியை விட்டுப் பாருங்கள். மேலே ஆடை கட்டி ஆறியிருக்கும், நடுவில் இன்னும் இளஞ்சூடு இருக்கும். கொதித்ததில் காற்றும் வெளியேறியிருக்கும். அந்தச் சூட்டில் வித்து விழித்துக்கொள்ளும். 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் இந்தக் கிருமி பத்தே நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். காலைக்குள் எவ்வளவு பெருகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மணத்திலோ ருசியிலோ பெரும்பாலும் எதுவும் தெரியாது. லேசாகச் சூடாக்கினால் அது சாகாது. வயிற்றுக்குள் போனதும் குடலில் மறுபடி வித்தாக மாறும்போது நஞ்சை விடும். அதனால்தான் சாப்பிட்ட உடனே இல்லாமல், 6 முதல் 24 மணி நேரம் கழித்து வயிறு முறுக்குகிறது.

பெரும்பாலும் ஒரு நாளில் தானாக நின்றுவிடும். ஓஆர்எஸ் கரைசல் போதும், ஆன்டிபயாடிக் வேண்டாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, ஒரு நாளுக்கு மேல் நீடிப்பது, இதில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகளும் முதியவர்களும் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

அடுத்த விருந்தில் மீந்ததை அண்டாவிலேயே விடாதீர்கள். அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தால் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இடமில்லையா, அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆடுகளுக்குத் துள்ளுமாரியைக் கொண்டுவருவது இதே இனத்தின் டி வகை. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லையோ தானியத்தையோ திடீரென்று வயிறு முட்டத் தின்னும்போது குடலில் பெருகி நஞ்சு கக்கும். நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். மழைக்காலத்துக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். நோயில் விழுந்த ஆட்டை மட்டும் கறிக்கு அறுக்காதீர்கள்.