ஃபைனல் திரும்பும்போது ரட்டரை மிதிக்காதீங்க: கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி பெங்களூர் ஜக்கூர் ஏரோட்ரோம் பக்கம் சின்ன விமானம் ஓட்ட ட்ரெயினிங் எடுக்கிற நம்ம பசங்களோடது.

கே: மழை நாள்ல செஸ்னா 152ல ஆர்.பி.எம். தானா இறங்குது, கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காத்து விடறது) போட்டா இன்னும் குலுங்குது. ஆஃப் பண்ணிடலாமா?

ப: பண்ணவே கூடாது. கார்புரேட்டர்ல பிடிச்ச ஐஸ் உருகித் தண்ணியா உள்ள போறதாலதான் அந்த குலுக்கல், கொஞ்சம் பொறுத்தா ஆர்.பி.எம். ஏறும். பெங்களூர்ல ஏது ஐஸ்னு நினைக்காதீங்க, வெளிய 22 டிகிரி இருந்தாலும் ஈரக்காத்துன்னா கார்புரேட்டர் உள்ள சர்ருனு 20 டிகிரி போல குறைஞ்சு ஐஸ் பிடிச்சிடும்.

கே: செஸ்னா 172ல 4 பேர், ஃபுல் டேங்க், ஏப்ரல் மத்தியானம். கிளம்பலாமா?

ப: யார் எத்தனை கிலோன்னே எழுதாம கேட்டா நான் என்னத்த சொல்றது? ஜக்கூரே கடல் மட்டத்துக்கு மேல 3,000 அடி, 35 டிகிரி வெயில்ல டென்சிட்டி ஆல்டிடியூட் (காத்து லேசாகறதால விமானத்துக்குத் தெரியுற உயரம்) 6,000 அடிகிட்ட போயிடும். மொதல்ல வெயிட் அண்ட் பேலன்ஸ் (மொத்த எடை எவ்ளோ, எங்க உக்காருதுன்னு கணக்கு) போடுங்க.

கே: பேஸ்ல (ரன்வேக்குக் குறுக்கா பறக்கற கட்டம்) இருந்து ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரா இறங்கற கட்டம்) திரும்பும்போது ரன்வே லைனைத் தாண்டிட்டேன். இடது ரட்டரை (காலால மிதிச்சா வால்ல திரும்பற பலகை) அழுத்தி மூக்கைத் திருப்பினேன், நல்லாவே இறங்கிச்சு. தப்பா?

ப: தப்புதான், நல்லா இறங்கிச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு. நான் சொல்லிக்குடுத்த பசங்கள்ல பாதிப் பேர் இதைப் பண்ணிருக்காங்க, எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த பேட்ச்லயும் வருது. பேஸ்ல பின்காத்து தள்ளும், லைன் தாண்டும், பேங்க் (விமானத்தைச் சாய்க்கறது) அதிகம் பண்ண பயந்து கால் தானா ரட்டருக்குப் போகும், உடனே றெக்கை சாயுதேன்னு கை எதிர்ப்பக்கம் அய்லரான் (சாய்வை மாத்தற றெக்கைப் பலகை) குடுக்கும், கூடவே மூக்கு தாழுதுன்னு ஸ்டிக்கையும் இழுப்பீங்க, அப்ப உள்பக்க றெக்கைதான் மொதல்ல ஸ்டால் ஆகும் (தூக்கற சக்தியை இழக்கும்), அடுத்த நொடி ஸ்பின், அதாவது சுத்திக்கிட்டே கீழ விழும். 172ல ஒரே ஒரு சுத்து சுத்தி மீளவே கிட்டத்தட்ட 1,000 அடி வேணும், அந்தத் திருப்பத்துல இருக்கறதே 500 அடிகிட்டதான். சரி, ரட்டரே வேணாம், பேங்க்கை ஏத்தி இழுத்துடலாம்னும் நினைக்காதீங்க, ஹைட்டை விடாம 45 டிகிரில திரும்பினா ஸ்டால் ஸ்பீட் 20 சதவீதம் ஏறிடும். லைன் தாண்டிச்சா, கோ அரவுண்ட், அதாவது இறங்காம மேல ஏறி மறுபடி சுத்தி வாங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க, திட்டினா அந்த இன்ஸ்ட்ரக்டரை மாத்துங்க.

கே: ஐ.ஆர். (இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், வெளிய பார்க்காம கருவிய வச்சே ஓட்டற தகுதி) இல்ல. மேகத்துக்குள்ள 5 நிமிஷம் மட்டும் போனா?

ப: 1954ல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில இதைத்தான் ஐ.ஆர். இல்லாத 20 பேரை வச்சுப் பார்த்தாங்க. 20 பேருமே கன்ட்ரோலை இழந்தாங்க, சராசரி 178 வினாடி. நீங்க கேக்கிறது 300.

கே: ஃபியூயல் கேஜ் பாதி காட்டினா போதுமா?

ப: போதாது. டேங்க்ல டிப் ஸ்டிக் (அளவுக் குச்சி) விட்டுப் பாருங்க, ராத்திரி மழை பேஞ்சிருந்தா டேங்க் அடில இருந்து கொஞ்சம் வடிச்சு தண்ணி இருக்கான்னும் பாருங்க. அப்பறம் இதையும் சொல்லிடறேன், ஃபைனல்ல சந்தேகம்னா கோ அரவுண்ட்.