பூமியைத் தாக்கும் பறக்கும் தட்டு: காசை எந்த அப்கிரேடில் முதலில் போடுவது?

கேள்வி: பிரவுசரில் ஒரு ஷூட்டிங் கேம் ஆடுகிறேன். அதில் பூமியைக் காப்பாற்றுகிறவர் நாம் இல்லை. நாம்தான் பறக்கும் தட்டில் வந்து தாக்கும் வேற்றுக்கிரகவாசி. கிடைக்கும் காசைக் குண்டின் பலம், சுடும் வேகம், கவசம், காசு வரவு என்று எல்லாவற்றிலும் சமமாகப் போட்டு வந்தேன். பாதி ஆட்டத்துக்கு மேல் டாங்கிகளும் ஏவுகணைகளும் நொறுக்கித் தள்ளிவிடுகின்றன. சில சமயம் ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் சுடவே மாட்டேன் என்கிறது. இதற்கிடையில் அக்கா லேப்டாப்பைச் சுத்தம் செய்ததில் சேர்த்த லெவல் எல்லாம் போய்விட்டது. என்ன செய்யலாம்? (பிளஸ் டூ மாணவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: தம்பி, எல்லாவற்றிலும் சமமாகப் போட்டதுதான் உங்களை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது. இந்த வகை கேம்களில் அப்கிரேடின் விலை ஒவ்வொரு படியிலும் பெருக்கலாக ஏறும்: 100, 150, 225 என்று. பலன் பெரும்பாலும் கூட்டலாகத்தான் ஏறும். அதனால் எதை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் காசு வரவு. ஒரு சுற்றில் 200 காசு வருகிறது, வரவை 10 சதவீதம் கூட்டும் அப்கிரேடின் விலை 300 என்று வையுங்கள். சுற்றுக்கு 20 காசு கூடுதலாக வரும். போட்ட முதல் திரும்பவே 15 சுற்று ஆகும். ஆட்டம் முடிய எட்டு சுற்றுதான் பாக்கி என்றால் அதை வாங்குவது நஷ்டம். அதே அப்கிரேடு, சுற்றுக்கு 1000 காசு வரும்போது மூன்று சுற்றிலேயே முதலைத் திருப்பிவிடும். துறைமுகத்தில் புதுப் படகு இறக்குகிறவர் பெயின்டுக்கு முன்னால் வலைக்குத்தான் காசு ஒதுக்குவார். ஆனால் மீன் சீசன் முடியும் நேரத்தில் அவரும் புது வலை வாங்கமாட்டார். விலையைக் கூடுதல் வரவால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேப்பர்கூட வேண்டாம், மனக்கணக்கே போதும்.

அடுத்தது குண்டின் பலமும் சுடும் வேகமும். இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்பவை. ஒரு குண்டுக்கு 20 சேதம், நொடிக்கு 2 குண்டு என்றால் மொத்தம் 40. பலத்தில் 5 கூட்டினால் 50 ஆகும். அதே விலைக்கு நொடிக்கு ஒரு குண்டு கூடுதலாகக் கிடைத்தால் 60. எது பின்தங்கி இருக்கிறதோ அதைத் தூக்கிவிடுவதுதான் லாபம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது. டாங்கியின் உயிர் 30, உங்கள் குண்டு 10 என்றால் மூன்று குண்டில் உடையும். குண்டை 12 ஆக்கினாலும் மூன்று, 14 ஆக்கினாலும் மூன்று. 15-ஐத் தொட்டால்தான் இரண்டு குண்டு. நடுவில் செலவழித்த காசு அந்த டாங்கிக்கு எதிராக வீண். பல கேம்கள் எதிரியின் உயிரை எண்ணாகக் காட்டாது. புதிதாக ஒரு எதிரி வரும்போது வேறு எதையும் சுடாமல் அதை மட்டும் சுட்டு, எத்தனை குண்டில் உடைகிறது என்று எண்ணுங்கள். ஒரு அப்கிரேடு வாங்கியபின் திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால், அடுத்த எல்லையைத் தொடும் அளவுக்குக் காசு சேரும்வரை பலத்தை விட்டுவிட்டுச் சுடும் வேகத்தில் போடுங்கள்.

கவசம் வேறு மாதிரி. அது சதவீதமாக வேலை செய்கிறதென்றால், 20 சேதம் தரும் அடியை 10 சதவீதக் கவசம் 18 ஆக்கும். பெரிதாக ஒன்றும் தெரியாது. 80 சதவீதத்தில் இருந்து 90-க்குப் போகும்போது 4 என்பது 2 ஆகிறது, அதாவது வாங்கும் அடி பாதியாகிறது. ஆக, கவசத்தைத் தொடாமல் இருங்கள், இல்லையென்றால் தொட்டபின் மேலே வரை கொண்டுபோங்கள். பாதியில் விடுவதுதான் மோசம். ஒவ்வொரு அடியிலும் குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கும் வகைக் கவசம் என்றால், சில்லறைத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு அது அருமையாக நிற்கும், ஏவுகணைக்கு முன்னால் நிற்காது. உங்களை வீழ்த்துவது ஏவுகணை என்பதால் இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்தான் இந்த வகை கேம்களுக்கு முன்னோடி. அதில் மேலிருந்து இறங்கி வரும் வேற்றுக்கிரகவாசிகள் 55. அவற்றைச் சுடச்சுட மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். படை குறைந்ததும் ப்ராசசர் வரையவேண்டியதும் குறைந்து, ஆட்டம் தானாக வேகமெடுத்தது. நிஷிகாடோ அதை அப்படியே வைத்துக்கொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது. அங்கே 55 பேர் மாறி மாறி விழுந்தாலும் தாக்குதல் நிற்காது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தட்டு. எனவே தாழ இறங்கி மல்லுக்கு நிற்காதீர்கள். உயரத்தில் இருந்தால் கீழிருந்து வரும் ஏவுகணைக்குத் தூரம் அதிகம், விலக நேரம் கிடைக்கும். காசு தரும் கட்டடங்களைப் பார்த்து ஆசைப்படாமல் ஏவுகணை வண்டிகளை முதலில் முடியுங்கள். நகரும் வேகத்துக்கு ஒன்றிரண்டு படி போதும், அதற்கு மேல் போனால் தட்டு நினைத்த இடத்தில் நிற்காது.

ஸ்பேஸ் பார் விஷயத்தில் கேம் மேல் தப்பு இல்லாமல் இருக்கலாம். சாதாரண கீபோர்டுகளில் பட்டன்களைக் கட்டம் கட்டமாக இணைத்திருப்பார்கள். சில மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எது அழுந்தியது என்று சர்க்யூட்டுக்குப் பிரித்தறிய முடியாது, மூன்றாவதை விட்டுவிடும். இடது அம்புக்குறியையும் மேல் அம்புக்குறியையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் சுடவில்லை என்றால் இதுதான் காரணம். கேம் அனுமதித்தால் நகர டபிள்யூ, ஏ, எஸ், டி பட்டன்களுக்கு மாறுங்கள், அல்லது சுடுவதை மவுஸுக்குக் கொடுங்கள்.

அப்புறம் போன லெவல். வருத்தமான செய்தி, அது திரும்பாது. லாகின் இல்லாத பிரவுசர் கேம்கள் பெரும்பாலும் ஆட்டத்தை அந்த லேப்டாப்பில், அந்த பிரவுசருக்குள்ளேயே லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில்தான் சேமிக்கும். குரோமில் குக்கீகளையும் தளத் தரவையும் அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். அக்காவைக் கோபிக்க வேண்டாம், அந்த மெனுவில் கேம் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. குரோமில் உங்களுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டுக்கொள்ளுங்கள், அவர் தன்னுடையதில் சுத்தம் செய்தாலும் உங்களுடையது தப்பிக்கும். கேமின் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் என்று இருந்தால் அது தரும் நீளமான எழுத்துக்கோவையைக் காப்பி செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் இன்க்னிடோ ஜன்னலில் ஆடவே ஆடாதீர்கள்.

இதேபோன்ற வேறு கேம்களைத் தேடும்போது, ஃபிளாஷ் பிளேயரை (பழைய பிரவுசர் கேம்களை ஓட்டிய அடோபியின் மென்பொருள்) இன்ஸ்டால் செய்யச் சொல்லும் தளம் வந்தால் உடனே மூடிவிடுங்கள். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கேம்கள் அதில் ஓடாதபடியும் தடுத்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் டவுன்லோடு கொடுப்பவர்கள் பெரும்பாலும் வைரஸைத்தான் கொடுக்கப் பார்க்கிறார்கள். பழைய ஃபிளாஷ் கேம்களை ரஃபிள் என்ற இலவச மென்பொருள் மூலம் ஓட்டும் தளங்கள் இருக்கின்றன, அங்கே நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.