தேன் ஏன் கெட்டுப்போவதில்லை?

பூவின் இனிப்புநீரைத் தேனீக்கள் அடையில் வைத்து, சிறகால் விசிறி வற்றவைத்ததுதான் தேன். அதில் நீர் சுமார் 20 சதவீதம். மீதி பெரும்பாலும் சர்க்கரை. கிருமி விழுந்தால் அதன் உடம்பிலுள்ள நீரையே அந்தச் சர்க்கரை உறிஞ்சிவிடும். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பதநீரைப் பாருங்கள்: வைத்திருந்தால் புளிக்கும், காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். அதே கதைதான்.

இருமலுக்கு ஆச்சி தேன் கொடுப்பதில் பொருள் உண்டு, தொண்டைக்கு இதம். ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தடவாதீர்கள். சில கிருமிகளின் வித்து தேனுக்குள் சாகாமல் உறங்கும், பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும்.

அடியில் சீனிபோல உறைந்தாலே கலப்படம் என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். சுத்தமான தேனும் உறையும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.