வரலாற்று அகராதிக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு?

இணையத்தில் தட்டினால் எந்தச் சொல்லுக்கும் பொருள் வந்துவிடுகிறது, அப்புறம் ஏன் நூறு வருடம் இழுக்கும் வரலாற்று அகராதிகளுக்கு அரசு பணம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தர வேண்டும் என்பேன். அப்படி ஒரு அகராதித் திட்டத்தில் மூன்று வருடம் சீட்டுகளோடு, அதாவது சொல் வரும் மேற்கோளை எழுதிவைத்த துண்டுத்தாள்களோடு, உட்கார்ந்திருக்கிறேன்.

சாதாரண அகராதி, ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்று சொல்லும். வரலாற்று அகராதியோ அந்தச் சொல் எழுத்தில் முதலில் எங்கே வந்தது, பொருள் எப்போது திரும்பியது என்பதை மேற்கோளோடு காட்டும். 'கிழவன்' என்ற சொல்லையே பாருங்கள். தொல்காப்பியத்தில் அது தலைவனைக் குறிக்கும். கிழமை, அதாவது உரிமை, உடையவன். 'நிலக்கிழார்' என்பதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஆனால் இன்று கிழவன் என்றால் வயதானவன்தான். இது எப்போது மாறியது? சீட்டுகளைக் கால வரிசையில் மேசைமேல் பரப்பினால், நடுவில் சில சீட்டுகள் தலைவன், வயதானவன் என்று இரண்டு பொருளுக்கும் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் பாட்டை முழுசாகப் படிக்க வேண்டும், உரை என்ன சொல்கிறது, பாடபேதம் உண்டா, அதாவது வேறு சுவடியில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறதா, நூலின் காலம் நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கே இரண்டு நாள் போய்விடும். அகராதிக்கான செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு நாளுக்கான சம்பளம்தான். அச்சும் கணினியும் அப்புறம்தான்.

தனியார் செய்யட்டுமே என்பார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு 1879இல் ஒப்பந்தம் போட்டபோது பத்து வருடத்தில் முடிப்பதாகத்தான் பேச்சு. முதல் பகுதி 1884இல் வந்தது. 'ஆன்ட்', அதாவது எறும்பு, என்ற சொல் வரைதான் அதில் இருந்தது. முடிந்தது 1928இல். பல்கலைக்கழக அச்சகம் ஒன்று அந்த நஷ்டத்தைத் தாங்கியதால் நடந்த காரியம் அது. இன்றும் அதை முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும். பிரிட்டனில் பொது நூலக அட்டை வைத்திருப்பவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்றால், அந்தச் சந்தாவை நூலகங்கள் கட்டுகின்றன. கடைசியில் பொதுப்பணம்தானே!

கிரிம் சகோதரர்கள் 1838இல் ஜெர்மன் அகராதியைத் தொடங்கினார்கள். யாக்கோப் கிரிம் 1863இல் இறந்தபோது 'ஃப்ருக்ட்', அதாவது கனி, என்ற சொல்லில் நின்றிருந்தார். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் கிழக்கே பெர்லினிலும் மேற்கே கோட்டிங்கனிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து வேலை பார்த்து, 1961இல் முடித்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி.

எனக்குப் பிடித்த முன்மாதிரி டச்சு அகராதி. முதல் பகுதி 1864இல், கடைசித் தொகுதி 1998இல். நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டு பக்கத்து அரசுப் பணமும் அதற்குள் போயிருக்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் தேடலாம். அரசு பணம் தந்தால் இந்த நிபந்தனையைப் போட்டே தர வேண்டும்.

தாமதம் பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். புனே டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருத அகராதிக்கு ஏறக்குறைய ஒரு கோடி சீட்டுகள் இருக்கின்றன. வேலை இன்னும் ஓடுகிறது. ஸ்வீடிஷ் அகாதெமி அகராதியின் முதல் பகுதி 1893இல் வந்து, கடைசித் தொகுதி 2023இல்தான் அச்சுக்குப் போனது. 'அலர்ஜி' அந்த மொழிக்குள் வந்தது 1920களில். அதற்குள் 'ஏ' எழுத்து அச்சாகிவிட்டதால் அந்தச் சொல்லுக்கு அதில் இடமில்லை. ஆகவே மறுபடி முதலிலிருந்து திருத்த வேண்டியிருக்கிறது. முடியாத வேலை என்று தெரிந்தபின் அதற்கு மூன்று வருட, ஐந்து வருட மானியம் கொடுப்பது சரியில்லை. நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் இருப்பதுபோல நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும்.

நான் இருந்த இடத்தில் மானியம் புதுப்பிக்கப்படாமல் போனபோது ஏழு பேர் இரண்டு பேரானோம். வினைமுற்று விகுதியைப் பார்த்தே நூலின் காலத்தைக் கணிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். இருபது வருட அனுபவம். அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பென்சிலில் கேள்விக்குறி போட்டு ஒதுக்கி வைத்த சீட்டுகள் பெட்டி நிறைய இருந்தன. எதைச் சந்தேகப்பட்டார் என்று அந்தச் சீட்டுகளில் எழுதியிருக்கவில்லை.