ஐப்பசிக்கு முன்னால் மாடிக்கு ஒரு தடவை ஏறுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூரை பற்றியவைதான். டெல்டாவில் முப்பது வருஷமாக வீடு கட்டியும் பழுதுபார்த்தும் வருகிறேன். அடைமழை தொடங்கின பிறகு வருகிற போன்களுக்கு என்னால் உருப்படியான பதில் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் ஈரத்தின் மேல் எந்த வேலையும் நிற்காது. ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் முடித்துவிடலாம். அதனால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு. தேக்கு உத்திரம், தட்டோடு பதித்த மொட்டைமாடி. இரண்டு வருஷமாகக் கூடத்தில் ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். போடலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம் அம்மா. கொத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த வகை மாடிக்கு அது மருந்தில்லை.

உங்கள் மாடியை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். உத்திரத்தின் மேல் கட்டை, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். இந்தத் தளம் கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். பகலில் விரிந்து ராத்திரி சுருங்கும்போது சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் அப்படிக் கொடுக்காது. ஒரு கோடையிலேயே மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும், அதன் வழியே இறங்கின மழைத்தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியில்லாமல் சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் நின்று, மெல்ல மெல்ல உத்திரத்தின் முனைக்குப் போகும். தேக்கே ஆனாலும் சுவருக்குள் செருகியிருக்கும் முனை வருஷம் முழுக்க ஈரமாக இருந்தால் உளுத்துத்தான் போகும். போதாததற்கு இரண்டு அங்குலக் கலவை சதுர அடிக்குப் பத்து கிலோ வரை எடை ஏற்றும், அதைச் சுமக்கப்போவதும் அதே உத்திரம்தான்.

திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் இப்படிப் போட்ட சிமெண்டைச் சித்திரை வெயிலில் பெயர்த்தோம். மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே செருப்பில்லாமல் நிற்க முடியாத சூடு, பெயர்த்த இடத்தில் அடியிலிருந்த ஓட்டைத் தொட்டால் பானை அடி மாதிரி சில்லென்று இருந்தது. அந்த வீட்டில் இரண்டு உத்திரத்தை மாற்ற வேண்டி வந்தது.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு வாளித் தண்ணீரை மாடியின் உயரமான மூலையில் ஊற்றி, அது ஓடுகிற வழியிலேயே நடங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் விட்டுவிடலாம், ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த ஓடு பிடிப்பு விட்டிருக்கிறது. பொள்ளல் ஓட்டையும் உடைந்த ஓட்டையும் மட்டும் எடுத்து, அடியில் ஜல்லித் தளம் இளகியிருந்தால் அதைச் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையிலேயே புது ஓடு பதிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் கும்பகோணம், சுவாமிமலை பக்கம் கோயில் திருப்பணியில் வேலை செய்தவர்களை விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையை மறக்க வேண்டாம். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பித்தன. காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று அங்கே முளைத்திருந்தால் மேலே ஒடித்துவிட்டு வந்துவிடாதீர்கள், மறு மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். நான்கு செங்கல்லைப் பெயர்த்தாவது வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை வைத்து அடையுங்கள்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் வீட்டுச் சிமெண்ட் ஷீட் பாதி பறந்துபோனது. அப்போது அவசரத்துக்குப் போட்ட தகர ஷீட்தான் இன்னும் இருக்கிறது. காற்று பலமாக அடித்தாலே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. எதைப் பலப்படுத்துவது? (ஒரு வாசகர், வேதாரண்யம்)

பதில்: தம்பி, அம்மாவின் பயம் நியாயமானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா உங்கள் கரையில்தான் ஏறியது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. அதற்கப்புறம் நாகை, வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் கூரை போன பல வீடுகளை ஏறிப் பார்த்தேன். ஷீட் உடைந்து போனதைவிடப் பிடிப்பு விட்டுப் போனதுதான் அதிகம். காற்று கூரையைக் கீழே அழுத்துகிறது என்று நினைக்கிறோம், உண்மையில் அது மேலே உறிஞ்சுகிறது. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் அந்த உறிஞ்சல் மிக அதிகம். ஜன்னலோ கதவோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும்.

ஷீட்டை ஆணி அடித்துப் பிடித்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழாயையோ மரத்தையோ வளைத்துப் பிடிக்கிற ஜே போல்ட் போடுங்கள். துளை ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். அகலமான வாஷரும் அதன் அடியில் ரப்பரோ தார் வாஷரோ கட்டாயம். ஓரத்து வரிசைகளில் போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள். இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் ஓரத்தில், ஷீட் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறையுங்கள், காற்று பிடித்துத் தூக்குவது அந்த விளிம்பைத்தான்.

இத்தனையும் செய்து, கூரையைத் தாங்குகிற சரிவுக் கட்டையான கைமரம் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் ஷீட்டும் கைமரமும் சேர்ந்தே பறக்கும். ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் பிடித்து, பட்டையின் மறுமுனையைச் சுவருக்குள் நல்ல ஆழத்துக்கு இறக்கிக் கட்டிவிடுங்கள். செலவு அதிகமில்லை, ஒரு நாள் வேலை. உப்புக் காற்றில் போல்ட் சீக்கிரம் அரிக்கும் என்பதால் கால்வனைஸ் செய்ததாக (துத்தநாகம் பூசியதாக) வாங்கி, வருஷம் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று யாரும் ஷீட் பொறுக்க வெளியே போகக் கூடாது, அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். அறிவிப்பு வந்தால் முகாமுக்குப் போய்விடுங்கள், கூரையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இருபது வருஷக் கான்கிரீட் வீடு. படுக்கையறை மேல்தளத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. மேலே பார்த்தால் ஒழுகல் எதுவும் இல்லை. பூசினால் போதுமா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: வெறும் பூச்சு பூசினால் ஒரு வருஷத்தில் மறுபடி கட்டிலில் விழும். பூச்சு தானாக விழவில்லை ஐயா, கம்பி தள்ளிவிட்டிருக்கிறது. துருப்பிடித்த இரும்பு பழைய பருமனைப்போல் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒழுகல் தெரியாவிட்டாலும் ஈரம் எங்கிருந்தோ இறங்கித்தான் இருக்கும்.

அதனால் மேலே பாருங்கள். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டு குளம் கட்டுகிறதா? 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 9000 லிட்டருக்கு மேல், அதாவது ஒன்பது டன். இரண்டு குழாயாவது இருக்கட்டும், நாலு அங்குலத்துக்குக் குறையாமல், ஒன்று அடைத்தாலும் மற்றது வடிக்கும். தண்ணீர்த் தொட்டி வழிந்து தினமும் ஒரே இடம் நனைகிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே வேலை இப்படி நடக்க வேண்டும்: ஒரு கம்பால் தளம் முழுக்கத் தட்டி, பொள்ளலாகக் கேட்கிற இடத்தையெல்லாம் கொத்தி எடுப்பது, கம்பியின் பின்பக்கம் வரை திறப்பது, கம்பி பளபளக்கும்வரை வயர் பிரஷால் தேய்ப்பது, துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான திரவம், அதன் மேல் பாலிமர் கலந்த கலவை. தேய்த்த பிறகு கம்பி மெலிந்து தெரிந்தாலோ தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அதுவரை அந்த அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: கீற்றுக் கொட்டகையின் மேல் தார்ப்பாய் போட்டு மூடலாமா? (ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: புயல் வருகிற இரண்டு நாளைக்குப் போடலாம். மாதக்கணக்கில் விட்டால் உள்ளே புழுங்கிக் கீற்று சீக்கிரம் மக்கும். காற்றுக்குப் பழைய மீன் வலையைக் கூரை மேல் விரித்து, நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள், கடலோரத்தில் அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். கூரை சரிவு குறைவாக இருந்தால் அடுத்த முறை கீற்று மாற்றும்போது உயர்த்திவிடுங்கள், தண்ணீர் நின்றாலும் கீற்று கெடும்.

கேள்வி: மாடிக்கு வெள்ளை வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் ஒழுகல் நிற்குமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மயிரிழை விரிசலுக்கு நிற்கும், வெயில் சூடும் குறையும். வாட்டம் இல்லாமல் தண்ணீர் தேங்குகிற தளத்தில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. அடிப்பதென்றால் பாசியைச் சுரண்டிக் கழுவி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு அடியுங்கள். முதலில் அந்த இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போங்கள்.