எல்லா இளைஞர்களுக்கும் ராணுவ சேவையைக் கட்டாயமாக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். சட்டம் இதற்குத் தடையில்லை. பொதுநோக்கத்துக்காகக் கட்டாய சேவை வாங்க அரசியலமைப்பின் 23(2) பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேவை எங்கே இருக்கிறது?

விடியற்காலையில் பாளையங்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பையன்கள் ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் செருப்பில்லாமல் ஓடுவான், அவன் தம்பி கைப்பேசியில் நேரம் பார்த்துக் கத்துவான். அப்புறம் 9 அடிப் பள்ளம் தாண்டும் பயிற்சி. இவ்வளவு ஆசையோடு வருகிறவர்களிலேயே பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை. 2022-ல் வந்த அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் 4 ஆண்டுதான். அதன் பிறகு நிரந்தரமாகத் தொடர்வது 25 சதவீதம் வரைதான். அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தென்கொரியா, சிங்கப்பூர், இஸ்ரேல் மாதிரி நாடுகளில் கட்டாயம் இருக்கிறது, உண்மைதான். மக்கள்தொகை குறைவு, சுற்றிலும் பாதுகாப்புக் கவலை. நம் நிலை வேறு.

கட்டுப்பாடு, உடற்பயிற்சிதான் நோக்கம் என்றால் என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை இருக்கிறது. சேர விரும்பும் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் கிடைக்கிற மாதிரி அதைக் கிராமத்துப் பள்ளிகள் வரை விரிவாக்கட்டும்.